லாபம், ரெண்டு, மூணு

அத்தியாயம் 14

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துபோன மணிமாறன், அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி முகேஷ்குமார் அன்றைக்குச் சொன்னது பெரிய விஷயமாகக்கூட இல்லை. சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தபடியே சாதாரணமாகத்தான் சொன்னான்.

"அண்ணன் எழுதின சாஃப்ட்வேர் இனிமே ஆகாதுப்பா. ஒரு ரிப்போர்ட் கேட்டா மண்டியே நின்னு போயிருது. கோயமுத்தூர்க் கம்பெனிக்காரங்க வெள்ளிக்கிழமை வாராங்க. கையெழுத்துப் போட்டா, மொத்தமா மாத்திக் குடுத்துருவாங்க."

வெங்காய மண்டி முதலாளியான அப்பா உடையப்பன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி சொன்னதைவிட அப்பா பேசாமல் இருந்ததுதான் மணிமாறனைச் சுட்டது.

"வெளியாள் உள்ள வந்தா, அன்னைக்கோட நான் மண்டிக்கு வாரதை நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினான்.

அவன் சொன்னால் சொன்னதுதான் என்பது மனைவி கௌசல்யாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், இனி காபி குடிக்கப் போவதில்லை என்று ஏதோ ஒரு கோபத்தில் சொன்னவன், இன்றுவரை குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது.

மணிமாறன் காலையிலேயே கிளம்பிவிட்டான். லோடு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டுமாம். ஏல நாளில் போயா எஃப்.சி. காட்டுவார்கள்? கோயமுத்தூர்க்காரர் வரும்போது மண்டியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கௌசல்யா அதைக் கேட்கவில்லை.

அவள் மனதில் வேறொரு கேள்வி, சேலை ஓரத்தில் ஒட்டிய ஒட்டுப்புல் மாதிரி விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

யார் மேல் தப்பு என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்த ரிப்போர்ட் ஏன் மெதுவாக வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே?

போன மாதம்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். பழையதைவிட நாலு மடங்கு திறன் என்று விற்றவன் சத்தியம் செய்தான். ரிப்போர்ட்டோ ஒரு நூல்கூட வேகம் கூடவில்லை. இயந்திரத்தின் மேல் குறை இல்லை என்றால், அந்த நேரமெல்லாம் எங்கே போகிறது?

பழனியில் கம்ப்யூட்டர் படித்து, கோயமுத்தூரில் ஒரு ஆபீசில் டேட்டாபேஸ் வேலை பார்த்தவள் கௌசல்யா. கல்யாணத்தோடு அது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தொடரச் சொல்லவும் ஆள் இல்லை. இந்த வீட்டுப் பெண்கள் மண்டிக்குப் போனதில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவும் யாரும் சொன்னதில்லை.

சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மண்டியில் பில் போடும் லூர்தம்மாள்.

"கௌசல்யாம்மா, மாறன் தம்பி எங்க இருக்காக? போனை அணைச்சுப் போட்டிருக்காக. இங்க பில்லு நின்னுபோச்சு. வெங்காயம் கொண்டாந்த சம்சாரிக எல்லாரும் வரிசையில நின்னு என்னையத்தான் வையிறாக!"

"ரிப்போர்ட் ஏதாச்சும் போட்டாங்களாக்கா?"

"ஆமா, சின்னவருதான் போடச் சொன்னாரு. கேரளாக்காரரு ஒருத்தரு, தொப்பம்பட்டி வெங்காயம் முந்தின ஏலங்கள்ல என்ன வெலை போச்சு, மூட்டைக்கு என்ன எடை நின்னுச்சுன்னு கேட்டாரு. அமுக்குனேன். அம்புட்டுத்தான். வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு."

கௌசல்யா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

"நான் வர்றேன்க்கா."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அடுக்களை வாசலில் மாமியார் அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"மண்டிக்குங்க அத்தை. பில்லு நின்னுருச்சாமா."

"நின்னா ஆம்பளைக பாப்பாக. நீ போயி என்ன பண்ணப் போற?"

"என்ன ஆச்சுன்னு பாக்கப் போறேனுங்க."

அய்யம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் கௌசல்யா நினைத்தாள்.

"நானும் முப்பது வருசத்துக்கு மேல இந்த வீட்டுல வெங்காய வாசத்துலதான் குடும்பம் நடத்துறேன். அந்த மண்டி உள்ள எப்படி இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல. போறதுதான் போற, வேற சேலை மாத்திக்கிட்டுப் போ. வந்து எனக்கும் சொல்லு."

*

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஏல நாள் என்றால் காலையிலேயே கண் எரியும். லாரிகளுக்கு நடுவே புகுந்து கௌசல்யா மண்டிக்குள் நுழைந்தபோது, தராசின் பக்கத்தில் எடைபோடும் முத்துச்சாமி மூட்டைகளை ராகம் போட்டு எண்ணிக் கூவிக்கொண்டிருந்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு... ஏலே, அந்த மூட்டையைச் சாய்ச்சு வைய்யி... நாலு..."

மூட்டைகளுக்கு நடுவே நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்த முகேஷ்குமார், அண்ணியைப் பார்த்ததும் பாதி விலையிலேயே நிறுத்திவிட்டான்.

"என்ன மதினி, இங்கிட்டு வந்திருக்கீங்க? வீட்டுல யாருக்கும் ஏதும்...?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க தம்பி. கம்ப்யூட்டருக்குத்தான் ஒடம்பு சரியில்லைன்னாங்க."

"அதுக்குப் பெரிய டாக்டரே சாயங்காலம் கோயமுத்தூர்லேர்ந்து வாராரு."

"அதுவரைக்கும் நாடி புடிச்சுப் பாக்குறேனுங்க."

ஏலத்துக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். முகேஷ் சிரிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அந்தக் கேரளாக்காரரை மாதக்கணக்கில் போனில் பேசிப் பேசி வரவழைத்தவன் அவன்தான். கேட்ட விவரம் வராததால், அவர் இப்போது பக்கத்து மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த எரிச்சல் அவனுக்கு.

உள்ளறையில் லூர்தம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரையின் நடுவே அந்த வட்டம். ஜன்னலுக்கு வெளியே துண்டும் தலையுமாகச் சம்சாரிகளின் வரிசை.

"எம்மா, வெங்காயம் மொளைச்சிரும் போலருக்கு. பில்லைக் குடுங்கம்மா!" என்று ஒருவர் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

கௌசல்யா முதலில் ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டை நிறுத்தினாள். மறுகணமே பில் இயந்திரம் கிறீச்சிட்டுத் தாளைத் துப்பியது. வரிசை நகர ஆரம்பித்தது.

"அட, இம்புட்டுத்தானா!" என்றாள் லூர்தம்மாள்.

"இல்லைங்கக்கா. இது கழுத்தைப் புடிச்சிருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி. கை ஏன் கழுத்துக்குப் போச்சுன்னுதான் பாக்கோணும்."

பில் போடுவதும் ரிப்போர்ட் எடுப்பதும் ஒரே டேட்டாபேசில் நடக்கிறது. ரிப்போர்ட் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்போது பில் வெளியே காத்து நிற்கிறது. அதுவரைக்கும் புரிந்தது. ஆனால் அது ஏன் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது?

ஓடுகிற மண்டியில் கை வைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. மொத்த டேட்டாவுக்கும் ஒரு நகல் எடுத்து, மணிமாறனின் லேப்டாப்பில் போட்டுக்கொண்டாள். லேப்டாப்பின் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த தேதிதான். இத்தனை கோபத்திலும் அதை அவன் மாற்றவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு தேட ஆரம்பித்தாள்.

சம்சாரி பேர், ஊர், வெங்காய ரகம், ஏலம் எடுத்தவர், விலை, மூட்டை வாரியாக எடை. ரிப்போர்ட்டில் வருவது இவ்வளவுதான். இதில் எது வண்டியை இழுத்துப் பிடிக்கிறது? ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

ஏலம் எடுத்தவர் பெயரை எடுத்துவிட்டு ஓட்டினாள். வட்டம் சுற்றியது. லூர்தம்மாள் டீ வாங்கிவரச் சொல்லி, அது வந்து, இருவரும் குடித்து முடித்த பிறகும் சுற்றியது.

ஊரை எடுத்தாள். சுற்றியது.

ரகத்தை எடுத்தாள். வடமதுரைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் ஜன்னலில் நின்று, தன் மகள் கல்யாணக் கதையை லூர்தம்மாளிடம் மாப்பிள்ளை வீட்டார் வந்ததிலிருந்து தொடங்கி, பந்தியில் பாயசம் பற்றாமல் போனதுவரை சொல்லிவிட்டுப் போனார். வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

கௌசல்யாவுக்கு அலுப்பே வரவில்லை. மாறாக, உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. கோயமுத்தூரை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு பரபரப்பை அவள் உணர்ந்ததில்லை. இது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, எது என்பது நெருங்கி வருகிறதே!

மூட்டை வாரி எடையை எடுத்துவிட்டு அமுக்கினாள்.

அமுக்கிய விரலை எடுப்பதற்குள் ரிப்போர்ட் திரையில் நின்றது.

"ஏம்மா, என்ன பண்ணுன?" லூர்தம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"இருங்கக்கா, இருங்க." கௌசல்யாவின் குரல் தாழ்ந்திருந்தது. "மூட்டைக்குள்ள என்னமோ இருக்குதுங்க."

எடை விவரம் இருந்த பகுதியைத் திறந்தாள். ஒவ்வொரு சம்சாரியின் சரக்குக்கும் மூட்டை எண் வரிசையாக இருக்க வேண்டும். இருந்தது.

லாபம்
2
3
4
5
லாபம்
2
3
லாபம்
2

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பாலா வெங்காயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா, மொத மூட்டைக்கு நீங்க என்னன்னு அடிப்பீங்க?"

"லாபம்னுதான்."

"ஒண்ணுன்னு அடிக்க மாட்டீங்களா?"

"அய்யய்யோ! மொத மூட்டையை ஒண்ணுன்னு சொன்னா யாவாரம் ஒண்ணோட நின்னுபோகும்னு மொதலாளி தொலைச்சுப்புடுவாரு. நான் மாதா கோயிலுக்குப் போறவ. நானே இப்ப வீட்டுல ஒலைக்கு அரிசி அளக்கும்போது லாபம், ரெண்டுன்னுதான் அளக்கேன். பழகிருச்சு. ஏன், அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லைங்கக்கா" என்றாள் கௌசல்யா. "நமக்கு."

*

மதியம் ஏலம் முடிந்து மண்டி ஓய்ந்திருந்தது. முகேஷும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். கௌசல்யா தாளில் கோடு போட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது.

மணிமாறன்.

கோயமுத்தூர்க்காரர் வருவதற்குள் லேப்டாப்பை எடுத்துப்போக வந்திருந்தான். தன் அறை, தன் நாற்காலி, தன் லேப்டாப், அதன் முன்னால் தன் மனைவி. அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது நல்லதற்கில்லை.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. லூர்தக்கா போன் பண்ணுனாங்க. பில்லு நின்னுருச்சு. நீங்க போனை அணைச்சுட்டீங்க."

"அதனால நீ வந்து, நான் பண்ணுனது எங்கெங்க தப்புன்னு தேடிக்கிட்டிருக்க. சாயங்காலம் அந்தக் கம்பெனிக்காரனுக்கு லிஸ்ட் குடுக்கவா?"

கௌசல்யாவுக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்க, இதை மட்டும் செத்த பாருங்க. பாத்துட்டு என்னைய எவ்வளவு வேணும்னாலும் வையுங்க."

அவன் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கடைசியில் திரையைப் பார்த்தான்.

லாபம், 2, 3, 4.

"ரிப்போர்ட்டுக்கு மூட்டை நம்பர் எண்ணா வேணும்" என்றாள் அவள். "இங்க எழுத்து இருக்குது. அதனால ஒவ்வொரு வரியிலயும் நின்னு, இது லாபமா, அப்பன்னா ஒண்ணு. இது லாபம் இல்லையா, அப்பன்னா என்ன எண்ணுன்னு பாத்துப் பாத்துப் போகுது. நேத்து வந்த சரக்கை மட்டும் கேட்டாலும், கம்ப்யூட்டர் தொடங்குன நாள்லேர்ந்து வந்த அத்தனை மூட்டையையும் அவுத்துப் பாத்துட்டுத்தான் வருது. உங்க புரோகிராம்ல வேற ஒரு கொறையும் இல்லைங்க. நான் எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன்."

மணிமாறன் மெதுவாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நான் முதல்ல எண்ணாத்தான் வச்சிருந்தேன்" என்றான். கோபம் எங்கோ நழுவியிருந்தது. "கம்ப்யூட்டர் தொடங்குன அன்னைக்குத் தேங்கா ஒடைச்சு, சூடம் காட்டி, அப்பா கீபோர்டுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டாரு. முத்துச்சாமி 'லாபம்'னு கூவுறாரு. நான் ஒண்ணுன்னு அடிச்சேன். 'ஏலே, அழிடா அதை'ன்னாரு அப்பா. இதுல எண்ணு மட்டுந்தான்ப்பா ஏறும்னேன். 'அப்ப மிஷினைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ'ன்னாரு. பேட்டையே நின்னு வேடிக்கை பாக்குது. நின்ன நெலையில எழுத்தும் ஏறுற மாதிரி மாத்தினேன். அதோட அது அப்படியே கெடந்துருச்சு."

"பொட்டு வச்ச கீபோர்டு வேலை செஞ்சுதுங்களா?"

"'ச' மட்டும் விழாது. கொஞ்ச நாளைக்கு முத்துச்சாமி 'முத்துாமி'யாத்தான் இருந்தாரு."

அவள் குபீரென்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்த நாளிலிருந்து அதுதான் அவன் முதல் சிரிப்பு.

"லாபத்தை அழிக்க வேண்டாமுங்க" என்றாள் அவள். "அது அங்கயே இருக்கட்டும். பக்கத்துல புதுசா ஒரு எண் வரிசை போடலாம். லாபம்னு அடிச்சா, அதுவே உள்ள ஒண்ணுன்னு எழுதிக்கட்டும். பில்லுல லாபம்தான் வரும். ரிப்போர்ட் மட்டும் அந்த எண்ணைப் பாக்கட்டும்."

"அதை வரிசைப்படுத்தி இண்டெக்ஸும் போட்டுட்டா, நேராப் போயி வேணும்கிற மூட்டையிலயே நிக்கும்." அவன் விரல்கள் அதற்குள் விசைப்பலகைக்கு வந்துவிட்டன. "ரிப்போர்ட்டுக்குத் தனியா ஒரு நகலும் ஓட விட்டா, பில்லு எப்பவுமே நிக்காது. நகரு, நான் எழுதுறேன்."

நகர்ந்தாள். நகலில் ஓட்டிப் பார்த்தார்கள். சரியாக வந்தது. பிறகுதான் நிஜத்தில் கை வைத்தார்கள். அவன் எழுத, அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். லூர்தம்மாள் வாசலில் காவல் நின்றாள், யாரும் கேட்காமலேயே.

"மாமாகிட்ட சொல்லோணுமுங்களா? உள்ள ஒண்ணுன்னு இருக்கறதை?"

மணிமாறனின் விரல் நின்றது.

"கேக்காம நாம ஏன் சொல்லணும்?" என்றான்.

*

கோயமுத்தூர்க்காரர் பெயர் ராஜ்கமல். சின்ன வயசு, பெரிய பை. உடையப்பன் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். முகேஷ் பேனாவை மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தான்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுப்பா" என்றான் மணிமாறன். "காலையில கேரளாக்காரரு கேட்ட ரிப்போர்ட்டைப் போடுறேன். பாத்துட்டுப் போடுங்க."

"டீ சொல்லிரவா?" என்றான் முகேஷ்.

"வேணாம். நேரம் இருக்காது."

அமுக்கினான். தொப்பம்பட்டி வெங்காயம், ஒவ்வொரு ஏலத்து விலை, ஒவ்வொரு மூட்டையின் எடை. எல்லாம் திரையில் நின்றது. முகேஷ் பேனாவோடு திரைப் பக்கம் நகர்ந்தான்.

உடையப்பன் கண்ணாடியை எடுத்துத் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னடா பண்ணுன?"

மணிமாறன் சொன்னான். லாபத்தைப் பற்றி, அது எழுத்தாக இருந்ததைப் பற்றி. ராஜ்கமல் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். மறைக்காமல் சொன்னார்:

"சார், இது தெரியாம உங்க பழைய டேட்டாவை அப்படியே எங்க சிஸ்டத்துல ஏத்தியிருந்தா, எங்களுதும் இதே மாதிரிதான் சார் நின்னிருக்கும்."

உடையப்பன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் கவலை வேறு.

"லாபம்னு எழுதுனதை அழிச்சுட்டியா?"

"இல்லப்பா. இந்தா பாருங்க, பில்லுல அப்படியே இருக்கு."

"அப்ப உள்ள? உள்ள என்ன இருக்கு?"

கௌசல்யா கணவனைப் பார்த்தாள். ஒரு சின்னப் பொய் போதும். அந்த மனுஷனுக்குத் திறந்து பார்க்கத் தெரியாது. பொய் சொன்னால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும்.

"உள்ள ஒண்ணுதான்ப்பா இருக்கு" என்றான் மணிமாறன்.

"பாத்தீங்களாப்பா!" முகேஷ் துள்ளினான். "இத்தனை வருசமா நீங்க வேணாம்னு சொன்னதை, உங்களுக்கே தெரியாம உள்ள எழுதி வச்சுட்டு..."

உடையப்பன் கையை உயர்த்தினார்.

"பில்லுல லாபம்தானே?"

"லாபம்தான்."

"முத்துச்சாமி வாயில?"

"அது யாராலப்பா மாத்த முடியும்?"

"அப்ப எனக்கென்ன?" என்றார் உடையப்பன். "அது உள்ளுக்குள்ள என்ன நெனச்சுக்கிட்டா என்ன, வெளிய மரியாதையாப் பேசுதா, போதும். என் மகங்களையே நான் அப்படித்தான் வளத்து வச்சிருக்கேன்."

லூர்தம்மாள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

அதன் பிறகு நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. உடையப்பன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன ஐப்பசியில மழை அடிச்சுச்சே, அப்ப வடமதுரைச் சரக்கு எப்படி நின்னுச்சு?"

வந்தது.

"அதுக்கு முந்தின ஐப்பசி?"

வந்தது.

"காய் நட்டு வந்த வெங்காயம் கூடுதலா எடை நிக்குதா, வெதை தூவி வந்ததா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு பாப்போம்."

வந்தது. வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்த கேள்விகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கேட்டால் மண்டி நின்றுவிடும் என்ற பயத்தில் இதுவரை கேட்காமலே இருந்திருக்கிறார். ராஜ்கமல் தாள்களை மெதுவாக அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

"யாரு இதைக் கண்டுபிடிச்சது?" என்று திடீரெனத் திரும்பினார் உடையப்பன். "நீயா?"

"மாத்தி எழுதினது நான். கண்டுபிடிச்சது கௌசி."

மாமனார் மருமகளைப் பார்த்தார், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது மாதிரி.

"அடுத்த ஏலத்துலேர்ந்து இந்த நாற்காலியில கௌசல்யா உக்காரட்டும்" என்றார்.

கௌசல்யாவுக்குள் சந்தோஷம் ஒரு கணம் எழுந்தது. அதே கணம் அடங்கியது. யாருடைய இடத்தைக் காப்பாற்ற அவள் காலையிலிருந்து போராடினாளோ, அந்த இடத்தையே எடுத்து அவள் கையில் கொடுக்கிறார் மாமனார்.

"மாமா, அது அவர் எடமுங்க. எனக்கு வேண்டாமுங்க."

"எடுத்துக்க கௌசி" என்றான் மணிமாறன்.

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஏன்டா, கோவமா?" என்றார் உடையப்பன்.

"இல்லப்பா. நெஜமாத்தான் சொல்றேன். படிச்சவன்னு சொல்லி என்னைய இந்த அறைக்குள்ள உக்கார வச்சீங்க. உக்காந்தேன். வெளிய ஏலச் சத்தம் கேக்கும்போதெல்லாம், நாமளும் அங்க நின்னு ஒரு நாளாவது வெலை கூறணும்னு இருக்கும். சின்னப்புள்ளையிலேர்ந்து எனக்கு அதுதான் ஆசை. நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல." அவன் அப்பா பக்கம் திரும்பினான். "இந்த நாற்காலியைக் கௌசிக்குக் குடுங்க. எனக்கு ஏலத்தைக் குடுங்கப்பா."

கௌசல்யா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். டேட்டாபேசுக்குள் எங்கே நேரம் போகிறது என்று காலையிலிருந்து தோண்டித் தோண்டிக் கேட்டவள், இத்தனை நாள் கூடவே இருந்த மனுஷனிடம் உனக்கு என்னதான் ஆசை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முகேஷ்குமாரின் கையில் மூடி கழற்றிய பேனா இன்னும் அப்படியே இருந்தது. ஏலத் தளம் அவன் இடம். கேரளாக்காரர் முதல் மூட்டை தூக்குபவர்வரை அங்கே எல்லாரும் அவன் குரலுக்குத் திரும்புகிறவர்கள். அவன் அப்பாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். நாளெல்லாம் கூவிக் கம்மிப்போன குரலில் கேட்டான்:

"அப்ப நான் எங்கப்பா நிக்கிறது?"

உடையப்பன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட கேள்விகளில், உடனே பதில் வராத கேள்வி அது ஒன்றுதான்.